வீடு பிறகு, முதலில் கிணறு: வாசகர் கேள்வி – பதில்

மீள்குடியேற்றம் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். நிறைய வந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களை ஒன்றாக்கி, பெயர்களை எடுத்துவிட்டேன். நான் வன்னியில் வீட்டுத்திட்டங்களில் கள உத்தியோகத்தராக வேலை செய்தவள், அதற்கு முன் தறப்பாளுக்குக் கீழே இருந்தவள். சட்டத்தரணி அல்ல. சட்டக் கேள்விகளுக்கு நான் சொல்வது எந்தக் கதவைத் தட்டலாம் என்பது மட்டுந்தான்.

எங்கள் ஊர் முல்லைத்தீவு மாவட்டத்தில். இங்கே ஊர்ச்சங்கம் மூலம் பணம் சேர்த்திருக்கிறோம். பத்து வீடு கட்டிக் கொடுப்பதாகத் தீர்மானம். எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், ரொறன்ரோ

அண்ணை, அந்தப் பத்து என்ற எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? ஊரில் யாரையாவது கேட்டீர்களா, அல்லது சேர்ந்த பணத்தை வகுத்துப் பார்த்தீர்களா? இரண்டாவது என்றுதான் எனக்குப் படுகிறது. கோபிக்க வேண்டாம், பெரிய பெரிய நிறுவனங்களும் அப்படித்தான் கணக்குப் போட்டார்கள்.

2010இல் சனம் ஊர் திரும்பியபோது நடந்ததைச் சொல்கிறேன். பஸ் கொண்டுவந்து பள்ளிக்கூடத்தடியில் இறக்கியது. கையில் அகதிகளுக்கான ஐ.நா. நிறுவனம் கொடுத்த 25,000 ரூபாய்க் கொடுப்பனவு, கொஞ்சத் தகரம், உலர் உணவு நிவாரணம். வளவுகள் பற்றைக்காடாய்க் கிடந்தன. யார் முதலில் சொந்த வளவில் படுத்தார்கள் தெரியுமா? கிணறு இறைத்தவர்கள். நல்ல தகரக்கொட்டில் போட்டவர்கள்கூட, கிணறு பாவிக்க முடியாமல் கிடந்தால், பின்னேரமானதும் பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வந்தார்கள். பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருட்டில் தண்ணீருக்கு அலைய யார் துணிவார்கள்? கிணற்றுக்குள் என்ன கிடக்கும் என்ற பயம் வேறு. இறைத்து, சேறு அள்ளி, குளோரின் போட்டுக் கொடுத்த வளவுகளில் அடுத்த கிழமையே மரவள்ளி நட்டிருந்தார்கள்.

வீட்டுக்காசு பிறகுதான் வந்தது. இந்திய அரசு 50,000 வீடுகளை 2010இல் அறிவித்தது. பெரிய கட்டம் தொடங்கியது 2012 ஒக்டோபரில். ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், 550 சதுர அடி. காசு கட்டம் கட்டமாக வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே வந்தது. ஒப்பந்தகாரர் கிடையாது. மேசனைப் பிடிப்பதும், கல் அரிவதும், வாசல் எந்தப் பக்கம் என்பதும் வீட்டுக்காரர் பாடு. இந்த முறையை நான் இன்றைக்கும் ஆதரிப்பேன். தன் காசு என்று தெரிந்த மனிதர் சீமெந்துப் பையை மழையில் நனைய விடமாட்டார்.

ஆனால் ஒரே நேரத்தில் ஒரு பிரதேசம் முழுக்க அத்திவாரம் வெட்டினால் என்ன ஆகும்? மணல் விலை ஏறியது. மேசன் கூலி ஏறியது. கூரைக்குப் போடும் பனஞ்சிலாகைக்கு ஆலாய்ப் பறந்தார்கள். அதோடு, எங்கள் ஆட்களுக்கு வீடு என்றால் மகளின் சீதனமும்தான். 550 சதுர அடிக்குப் படம் கொடுத்தால், இரவோடு இரவாக அத்திவாரத்தை நாலு அடி தள்ளி வெட்டிவிடுவார்கள். பொறியியலாளர்கள் ஏசுவார்கள். எனக்கு அந்தத் தகப்பன்மாரைப் பார்த்தால் ஏச வராது. இன்னொரு முறை கட்டக் கிடைக்குமா என்று அவர்களுக்குத் தெரியாதே. ஆனாலும் கூரைமட்டத்தில் காசு முடிந்து, தோடும் சங்கிலியும் அடகுக்குப் போன வீடுகள் ஏராளம். யன்னலுக்குச் சாக்குத் தொங்கும் வீட்டை உங்கள் ஊரில் இன்றைக்கும் காணலாம்.

பொருத்து வீட்டுக் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். 65,000 இரும்பு வீடுகளை வடக்குக் கிழக்கில் பொருத்தித் தருவதாக 2015, 2016இல் அரசு மும்முரமாக நின்றது. ஒன்றுக்கு இருபது இலட்சத்துக்கு மேல் விலை. அந்தக் காசில் இரண்டு கல்வீடு கட்டலாமே என்று சனம் கேட்டது. எங்கள் வெயிலுக்கு இரும்புச் சுவரா, விறகு அடுப்பை எங்கே வைப்பது, பிள்ளை கலியாணம் கட்டினால் ஓர் அறை சேர்த்து எழுப்ப முடியுமா, ஊர் மேசனுக்கு இதில் என்ன வேலை? எல்லாம் சமையலறையிலிருந்து வந்த கேள்விகள். கடைசியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

சரி, உங்கள் பணத்துக்கு வருவோம். ஊரில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இருக்கும். அதன் தலைவியோடு நேரே கதையுங்கள், வட்ஸ்அப் குழுவில் அல்ல. முன்னைய திட்டங்களில் புள்ளி குறைந்து விடுபட்டவர்கள் யார் என்று கேளுங்கள். குடும்ப அங்கத்தவர் தொகைக்குப் புள்ளி போட்டதால் தனித்த முதியவர்களும் புதிதாகக் கலியாணம் செய்தவர்களும் பட்டியலின் அடியில் நின்றார்கள். பிறகு அரைகுறை வீடுகளைப் பாருங்கள். கதவு, யன்னல், மலசலகூடம் என்று முடித்துக் கொடுத்தால் ஒரு புது வீட்டுக் காசில் பல குடும்பங்களுக்கு நிம்மதி. கிணறு இல்லாத வளவுக்குக் கிணறு. இவ்வளவும் போக மிஞ்சினால் புது வீடு, அதுவும் வருடத்துக்கு இரண்டு மூன்று. ஊரில் எத்தனை மேசன் இருக்கிறார்களோ அதற்கேற்பத்தான் கட்டலாம். காலபோக நெல் அறுவடை முடிந்ததும் தொடங்கினால் மாரிக்கு முன் கூரை ஏறும். ஒக்டோபரில் அத்திவாரம் வெட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

சுவரில் நன்கொடையாளர் பெயர்க்கல் பதிப்பது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் அதை வாசிக்க வேண்டுமா?

என் கணவர் 2009இலிருந்து இல்லை. இறந்தார் என்று எழுதித் தர என்னால் முடியாது. யாழ்ப்பாணத்தில் என் பெயரில் உள்ள சீதனக் காணியை ஈடுவைத்துத் தொழில் தொடங்க நினைத்தால் கணவரின் கையொப்பம் கேட்கிறார்கள். நாங்கள் இருக்கும் காணியின் அனுமதிப்பத்திரம் அவர் பெயரில். என்ன செய்வது?
– ஒரு வாசகி, கிளிநொச்சி

தங்கச்சி, இரண்டு காணிக்கும் இரண்டு வெவ்வேறு சட்டம். அதைப் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

சீதனக் காணி, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்குக் கீழே வருகிறது. மனைவியின் சொந்தக் காணியானாலும் விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். நூறு வருடத்துக்கு மேலாகியும் அது அப்படியே கிடப்பது பற்றி எனக்கு நிறையக் கோபம் இருக்கிறது, அதை இன்னொரு இதழுக்கு வைத்துக்கொள்கிறேன். அதே சட்டத்தில் ஒரு வழியும் இருக்கிறது. கணவரின் சம்மதத்தைப் பெற முடியாத நிலையில் மாவட்ட நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து, அவரது சம்மதம் இல்லாமலே செய்வதற்கு அனுமதி எடுக்கலாம். காசு கொடுத்துச் சட்டத்தரணி பிடிக்க வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள்.

காணாமற்போனவர்களின் குடும்பங்களிடம் நீண்ட காலம் மரணச் சான்றிதழைத்தான் நீட்டினார்கள். 2010ஆம் ஆண்டுத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின்படி அது சுலபமாகக் கிடைத்தது. ஆனால் எத்தனையோ பெண்கள் வாங்க மறுத்தார்கள். தன் கையால் படையினரிடம் ஒப்படைத்தவரை, தன் கையெழுத்தால் சாகடிக்கச் சொன்னால் எப்படி? 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஆள் காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். இறந்தார் என்று எங்கும் எழுதத் தேவையில்லை. நலக் கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்க, பிள்ளைகளுக்குத் தற்காலிகப் பாதுகாவலர் ஆக, அவரது சொத்தைப் பராமரிக்க அது உதவும். நீதிமன்றத்துக்குப் போகும்போதும் கையில் இருப்பது நல்லது. அதை எடுத்தால் தேடுவதை விட்டுவிட்டதாக அர்த்தமில்லை. காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் போராட்டத்தில் குந்திய அம்மாமாரிடமே கேட்டுப் பாருங்கள்.

அனுமதிப்பத்திரக் காணி அரச காணி. அது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். பத்திரகாரர் இறந்தால் மனைவிக்கு வருவதற்கு வழி தெளிவாக இருக்கிறது. காணாமற்போனால் அவ்வளவு தெளிவில்லை. இங்கேதான் ஒவ்வொரு உத்தியோகத்தரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். எனவே வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். பிரதேச செயலாளருக்குக் கடிதம் கொடுங்கள், பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள், பதிலையும் எழுத்தில் கேளுங்கள். மாமன் மாமி பத்திரத்தைத் தங்களிடம் தரச் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். போட்டோப் பிரதி கொடுங்கள்.

ஒரு சந்தேகம். ஈடுவைத்துத்தான் தொழில் தொடங்க வேண்டுமா? கீழே கடன் பற்றிய பதிலையும் வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

முகாம்களை எல்லாம் எப்போதோ மூடிவிட்டார்களே. இன்னும் ஏன் மீள்குடியேற்றம் என்று பேசுகிறோம்?
– ஒரு வாசகர், கொழும்பு

வன்னிச் சனத்தை வைத்திருந்த பெரிய முகாமான செட்டிகுளம் மெனிக்பாமை மூடியது 2012 செப்டெம்பரில். கடைசியாக ஏற்றிய பஸ்களில் முல்லைத்தீவு கேப்பாப்புலவுச் சனமும் இருந்தார்கள். அவர்களைக் கேப்பாப்புலவில் இறக்கவில்லை. ஊருக்குள் படைமுகாம் என்பதால் சீனியாமோட்டைப் பக்கம் காட்டை வெட்டி மாதிரிக் கிராமம் என்று ஒன்றில் விட்டார்கள். முகாம் மூடிய கணக்கில் அவர்கள் குடியேறியவர்கள். தங்கள் கணக்கில் இல்லை. 2017 ஜனவரி முடிவில் கேப்பாப்புலவின் பிலக்குடியிருப்புப் பெண்கள் படைமுகாம் வாசலில் போய் இருந்தார்கள், இரவும் பகலும், குழந்தைகளோடு. மார்ச் முதலாம் திகதி அவர்களின் காணி கிடைத்தது. பக்கத்துக் காணிக்காரர்கள் பிறகும் வாசலில்தான்.

இரணைதீவை எடுங்கள். 1992இல் சனம் விட்டுவந்த தீவு. கடற்படை அங்கே இருந்தது. முழங்காவில் கரையில் ஒரு வருடம் போராடிப் பார்த்துவிட்டு, 2018 ஏப்ரலில் வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் தாங்களே போய் இறங்கிவிட்டார்கள். எந்தத் திட்ட அறிக்கையும் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. வலிகாமம் வடக்கில் 1990இல் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மயிலிட்டித் துறைமுகம் 2017இல்தான் திறந்தது. உங்கள் கேள்விக்கு இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன்.

அப்பாவின் தோட்டக் காணி முகமாலைப் பக்கம். பற்றையை எரித்துத் துப்புரவாக்கலாமா?
– ஒரு வாசகர், பளை

எரிக்காதீர்கள். நெருப்பு மிதிவெடியை அழித்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பாதீர்கள். முகமாலை நாட்டிலேயே மோசமான கண்ணிவெடி நிலங்களில் ஒன்று, முன்னரங்கு வருடக்கணக்காக நின்ற இடம். துப்புரவாக்கிக் கையளித்த காணிதானா என்று கிராம அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். சிவப்புப் பலகையைக் கடந்து விறகுக்கும் போகவேண்டாம். அங்கே குனிந்திருந்து விரல் விரலாக மண் கிளறி வெடி எடுக்கிறவர்களில் பெண்கள் நிறையப் பேர், பலர் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். இலங்கை 2017 டிசெம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அவர்கள் முடிக்கட்டும், காணி எங்கும் ஓடாது.

1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைப் பற்றி உங்கள் பத்தியில் ஒரு வரியும் வந்ததில்லை. நாங்கள் இடம்பெயர்ந்தவர்கள் இல்லையா?
– ஒரு வாசகர், புத்தளம்

கேட்க வேண்டிய கேள்வி. 1990 ஒக்டோபரில் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து விரட்டினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டே மணித்தியாலம். வழியில் தோடும் பணமும் பறித்தார்கள். பக்கத்து வீட்டார் அழுதார்கள் என்று எங்கள் ஆட்கள் சொல்வதுண்டு. அழுதது உண்மை. தடுக்கவில்லை என்பதும் உண்மை.

2009க்குப் பிறகு உதவி நிறுவனங்களும் அரசும் இடம்பெயர்ந்தவர்களைப் பழையவர், புதியவர் என்று பிரித்தன. மெனிக்பாமிலிருந்து வந்தவர் புதியவர், அவருக்கு முன்னுரிமை. புத்தளத்தில் இருபது வருடம் ஓலைக் குடிசையில் இருந்தவர் பழையவர், அவர் பின்வரிசை. நான் நிரப்பிய படிவங்களிலும் அந்தக் கட்டம் இருந்தது. அவசரத்துக்கு அது நியாயமாகத் தெரிந்தது. ஆனால் அவசரம் முடிந்த பிறகும் அந்தக் கட்டம் மாறவில்லை.

போனபோது ஒரு குடும்பம், வரும்போது நாலு குடும்பம். பிள்ளைகள் கட்டிப் பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். அரை ஏக்கர் அப்படியே அரை ஏக்கர்தான். மன்னார் மாவட்டத்தில் முசலிப் பக்கம் போனவர்களுக்கு இன்னொரு அடி. வளவில் வளர்ந்த காட்டை 2012இல் ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் போட்டுவிட்டார்கள். மறிச்சுக்கட்டி, கரடிக்குளிச் சனம் துப்புரவாக்கினால் வில்பத்து தேசிய வனத்தை அழிக்கிறார்கள் என்று தெற்கில் சத்தம். சனம் இல்லாத காலத்தில் முளைத்த மரத்தைக் காட்டி, சனத்தை வந்தேறிகள் என்றார்கள்.

தனியார் காணியில் வேறு ஆள் குடியிருந்தால் பத்து வருடத்தில் ஆட்சியுரிமை கோரலாம் என்பது பொதுச் சட்டம். போரால் திரும்ப முடியாமற்போனவர்களுக்கு அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் வழக்குப் போடக் கொடுத்த அவகாசம் இரண்டு வருடம். இருபத்தாறு வருடம் வெளியே இருந்தவர்களுக்கு இரண்டு வருடம்! உங்கள் உறுதியையும் பழைய ஓலைகளையும் இப்போதே காணிப் பதிவகத்தில் தேடி எடுங்கள். எந்தப் பரிகாரம் மிச்சம் என்பதை ஒரு சட்டத்தரணி பார்க்கட்டும்.

தமிழ் வாசகர்களுக்கும் ஒன்று. உங்கள் ஊர்ப் பள்ளிவாசலடிக்கு யாராவது திரும்பி வந்தால், தண்ணீர் லைன் எங்கே, எந்தக் கிராம அலுவலர் நல்லவர் என்று போய்ச் சொல்லுங்கள். நல்லிணக்கக் கூட்டத்துக்குப் போட்டோ எடுக்க நிற்பதைவிட அது பிரயோசனம்.

சமூகப்பணி படிக்கிறேன். வன்னிக்கு வந்து உளவள ஆலோசனை செய்ய விரும்புகிறேன். இரண்டு மாத விடுமுறை இருக்கிறது.
– ஒரு மாணவி, மதுரை

வாருங்கள், ஆனால் ஆலோசனை சொல்ல வேண்டாம். இரண்டு மாதத்தில் ஒருவரைத் திறந்துவிட்டுப் போய்விட்டால், மூடுவது யார்? முதல் கிழமையே வந்து, 'உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்' என்று குறிப்புப் புத்தகம் திறந்தவர்களை இங்கே நிறையக் கண்டுவிட்டார்கள். ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "பிள்ளை, இதை எத்தனை பேருக்குச் சொன்னால் முடியும்?"

எங்கள் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனி மனிதரை மட்டுமல்ல, கூட்டத்தையே காயப்படுத்துகிறது என்று நீண்ட காலமாக எழுதிவருகிறார். உறவு, அயல், கோவில், நம்பிக்கை எல்லாம் அறுந்துபோவதைச் சொல்கிறார். அப்படியென்றால் மருந்தின் ஒரு பகுதியும் அங்கேதான். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வாருங்கள். எங்கெங்கோ சிதறிய ஊரார் ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்து, யார் இருக்கிறார், யார் இல்லை என்று கணக்கெடுப்பதைப் பார்ப்பீர்கள். மே 18இல் போரில் இறந்தவர்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சும் இடத்தில் அழ அனுமதி யாரும் கேட்பதில்லை. அரசு தடுத்த வருடங்களில் சனம் அழுகையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டவேண்டி வந்தது. அது உடம்பில் தலையிடியாகவும் நெஞ்சுநோவாகவும் வந்து ஆஸ்பத்திரி வரிசையில் நின்றது.

தீராத நித்திரையின்மை, சாகவேண்டும் என்ற எண்ணம் இதெல்லாம் வேறு. அதற்கு மாவட்ட வைத்தியசாலை மனநலப் பிரிவு இருக்கிறது. நீங்கள் செய்யக்கூடியது, அங்கே போக ஒருவருக்குத் துணையாகப் பஸ் ஏறுவது. அப்புறம் மாலை நேர வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். கணக்கு வாத்தியாருக்கு இங்கே எப்போதும் தட்டுப்பாடு.

கோழி வளர்க்கக் குழுக்கடன் எடுத்தேன். கட்ட இன்னொன்று, அதைக் கட்ட வேறொன்று. கிழமை தோறும் வீட்டு வாசலில் வந்து குந்துகிறார்கள்.
– ஒரு வாசகி, விசுவமடு

நீங்கள் ஒருவர் அல்ல. போர் முடிந்து பாதை திறந்ததும் வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் வன்னிக்கு வரிசையாக வந்தன. உழைப்பு வருமுன் தவணை வந்தது. கோழி முட்டையிட மாதங்கள் ஆகும். தவணை அடுத்த திங்களே. இது உங்கள் குணத்தின் குறை இல்லை, அந்தக் கடனின் கட்டமைப்பு அப்படி. 2018இல் வறட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய் வரையான பெண்களின் நுண்கடனை அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. 2021இல் பொலன்னறுவை மாவட்டம் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் இதே கடனுக்கு எதிராகக் கிழமைக்கணக்காய்ச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: புதுக் கடன் எடுத்துப் பழையதைக் கட்டாதீர்கள். எல்லாப் புத்தகங்களையும் ஒரு தாளில் எழுதி, முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்துக்கொண்டு பிரதேச செயலகப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போங்கள். இரவில் வந்து வாசலில் இருப்பவர் மேல் பொலிசில் முறைப்பாடு கொடுக்கலாம். உங்கள் பக்கத்தில் சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கம் இயங்கினால் அங்கத்தவராகுங்கள். அங்கே கடன் சிறியது, மெதுவாகத்தான் கிடைக்கும். ஆனால் கடன் தருகிறவர் உங்கள் ஊரில் அறுவடை எப்போது என்று தெரிந்தவர்.

தமிழ்நாட்டு முகாமில் முப்பது வருடமாக இருக்கிறோம். மகள் இங்கே பிறந்தவள், பன்னிரண்டாம் வகுப்பு. மன்னாருக்குத் திரும்ப யோசிக்கிறோம்.
– ஒரு வாசகர், மண்டபம்

முதலில் நீங்கள் மட்டும் வந்து காணியைப் பார்த்துவிட்டுப் போக முடியுமா என்று விசாரியுங்கள். மகளை இடையில் கூட்டிவராதீர்கள், பரீட்சை முடியட்டும். அவளுக்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, இலங்கைக் குடியுரிமைப் பதிவையும் அங்கேயே தொடங்குங்கள். இங்கே வந்த பிறகு அந்த வேலை இரட்டிப்பு அலைச்சல், அடையாள அட்டையும் இல்லாமல் பிள்ளை மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க முடியாமல் நிற்பாள். 1984இலிருந்து முகாம்களில் வேலை செய்யும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தார் இந்தப் பத்திரங்களில் தேர்ந்தவர்கள், அவர்களைக் கேளுங்கள். மதிப்பெண் சான்றிதழ்களையும் மாற்றுச் சான்றிதழையும் அத்தாட்சிப்படுத்தி எடுத்து வையுங்கள். உங்கள் பழைய இலங்கை அடையாள அட்டை, குடும்ப அட்டை, உங்கள் பிறப்புப் பத்திரம் எது இருந்தாலும், கிழிந்திருந்தாலும், அதை லமினேற் பண்ணாமல் அப்படியே கொண்டு வாருங்கள். லமினேற் பண்ணிய பத்திரத்தைச் சில அலுவலகங்களில் திருப்பித் தந்துவிடுவார்கள்.